கோதாவும் கூலியும்

குஸ்தி வீரர் தாராசிங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் சிங்கப்பூரில் டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்ததை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட மனம் வருவதில்லை. 1928 நவம்பர் 19இல் அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்முசக் கிராமத்தில் தீதார் சிங் ரந்தாவாவாகப் பிறந்த அவர் 1947இல் பிழைப்புக்காகக் கடல் கடந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது நிறையவில்லை. அதற்குள் ஊரில் கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்திருந்தது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நம்மவர்கள் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலம் அது. நெல்லைச் சீமையிலிருந்து ரயிலேறிய எங்கள் ஆட்கள் பம்பாயின் தாதரில் இறங்கி, மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் சொந்தக்காரர் குடிசையைத் தேடி அலைந்ததும் அதே காலத்தில்தான்.

இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். அவர் நிலம் வைத்திருந்த சாதியில் பிறந்தவர். கேம்ப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்தவர் வயலில் வேலை செய்த தலித்துகள். பாலும் நெய்யும் தின்று வளர்ந்த உடம்பையும் கூழ் குடித்து வளர்ந்த உடம்பையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. ஆனால் அயலூரில் போய் நின்றபோது அவரிடமும் விற்பதற்கு உடம்பைத் தவிர வேறு சரக்கில்லை. ஆறடிக்கு மேல் இரண்டங்குலம் வளர்ந்திருந்த அந்த உடம்பைப் பார்த்தவர்கள் குஸ்திக்குப் போகச் சொன்னார்கள். கிரேட் வேர்ல்டு அரங்கில் ஹர்னாம் சிங் என்ற வாத்தியாரிடம் பழகினார். 1951இல் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலாயாப் பட்டம் வாங்கினார்.

கிரேட் வேர்ல்டு, நியூ வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு எல்லாம் அன்றைய சிங்கப்பூரின் கேளிக்கைப் பூங்காக்கள். சினிமா, நாடகம், நடன அரங்கு, குஸ்தி எல்லாம் ஒரே மதிலுக்குள் நடக்கும். பகலில் வேலை பார்த்தவன் ராத்திரியில் சில்லறையைக் கொடுத்து உள்ளே வருவான். தாராசிங்குக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களில் அந்தக் கூட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவருக்கு முந்தைய தலைமுறைப் பயில்வான்களுக்கு ராஜாக்கள் சோறு போட்டார்கள். பாட்டியாலா அரண்மனை பயில்வான் காமாவைத் தாங்கியது. கோலாப்பூரில் சாகு மகாராஜா 1912இல் காஸ்பாக் மைதானத்தையே கட்டிக்கொடுத்தார். சமஸ்தானங்கள் போனதும் பயில்வானின் பாதாமும் பாலும் போயின. லண்டன்வரை போய் உலகத்தை மலைக்க வைத்த காமா, பிரிவினைக்குப் பிறகு லாகூரில் வைத்தியச் செலவுக்கே திண்டாடினார். இந்தியாவிலிருந்து ஜி.டி. பிர்லா மாதாமாதம் பணம் அனுப்பினார். காமா 1960இல் இறந்தார். ராஜா இல்லாத நாட்டில் பயில்வானுக்கு யார் சோறு போடுவது என்ற கேள்விக்கு தாராசிங் கண்ட பதில் டிக்கெட். அரண்மனையை விட்டுவிட்டுக் கூலிக்காரனை நம்பி கோதாவில் இறங்கினார்.

அந்தக் கூலிக்காரர்களின் ஊர்களில் ஒன்று லேபர் கேம்ப். மாநகராட்சித் துப்புரவு வேலை, தோல் பட்டறை, துறைமுகம், மில். இவற்றில் ஏதோ ஒன்றுக்கு ஆண்கள் விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே இங்கே வாழ்ந்தார். அவரும் அமர் ஷேக்கும் கவாண்கரும் 1944இல் 'லால் பாவ்டா' கலைக்குழுவைத் தொடங்கிய காலத்தில் கேம்ப்பின் சந்துகளில் செங்கொடி பறந்தது. மராத்தித் தோழர்களுக்குப் பக்கத்திலேயே தமிழர்கள் அம்பேத்கரையும் பெரியாரையும் படித்தார்கள், வாசகசாலை வைத்தார்கள், பொங்கலுக்கு நாடகம் போட்டார்கள். வொர்லி வல்லபாய் படேல் ஸ்டேடியத்தில் ஃப்ரீ ஸ்டைல் குஸ்தி என்று சுவரொட்டி ஒட்டினால், இவர்களில் ஒரு கூட்டம் சாயங்காலம் குளித்துவிட்டு அங்கே கிளம்பும்.

எங்கள் தெருவில் விக்டோரியா டாக்கில் மூட்டை தூக்கிய ஒரு பெரியவர் இருந்தார். பிடரிக்குக் கீழே, இரண்டு தோளுக்கும் நடுவில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்துக் காய்த்துப் போயிருக்கும். கொக்கியால் மூட்டையை இழுத்து முதுகில் வாங்கும் இடம் அது. தாராசிங் குஸ்தியைப் பார்த்தவர். அதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு போடும் நூரா குஸ்தி என்று புத்தகம் படித்த திமிரில் நான் ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

"விழுறது பொய்யின்னா, முதுகு எப்படிலே நெசமா ஒடியும்?" என்றார்.

"யார் முதுகு தாத்தா ஒடிஞ்சுது?"

"எல்லாப் பயலுக்கும்தான். கொஞ்சங் கொஞ்சமா ஒடியும். மூட்டை மாதிரித்தான். ஒரே நாள்லயா ஒடியுது?"

இதைவிடத் துல்லியமாகத் தொழில்முறைக் குஸ்தியைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அகாடா என்ற பயில்வான்களின் பயிற்சிக்கூடத்தில் கோதா என்பது மண். எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலந்து, மண்வெட்டியால் கொத்திக் கொத்திப் புட்டு மாவு போலாக்கிய மண். விழுகிறவனை அது வாங்கிக்கொள்ளும். தொழில்முறைக் குஸ்தியின் மேடையோ இரும்புச் சட்டத்தின் மேல் அடித்த பலகை. அதன்மேல் கொஞ்சம் மெத்தை, அதற்கு மேல் இழுத்துக் கட்டிய கித்தான். அதில் தூக்கி எறியப்படுகிறவன் தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிடரி பலகையில் மோதும். முதுகின் மேல்பாதியும் விரித்த இரண்டு கைகளும் ஒரே நொடியில் தரையை அறைய வேண்டும். முழங்கையை முன்னால் ஊன்றினால் எலும்பு போச்சு. மூச்சை விழுவதற்கு முன்பே வெளியே விட்டிருக்க வேண்டும். 'பட்டென்று' எழும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் டிக்கெட். யார் ஜெயிப்பது என்று முன்பே பேசியிருக்கலாம். விழுவதை யாரும் பேசித் தீர்க்க முடியாது, விழுந்துதான் தீர வேண்டும். அடுத்த ஊரில் மறுநாள் மறுபடியும் விழ வேண்டும்.

தூக்கி எறிகிறவனின் வேலையும் லேசில்லை. எதிராளியின் உயிர் அவன் கையில் இருக்கிறது. கிங்காங் என்ற பெயரில் ஆசியா முழுக்க அறியப்பட்ட எமீல் சாயா ஹங்கேரிக்காரர். எடை 200 கிலோ என்று விளம்பரம் செய்வார்கள். அந்த மலையை 130 கிலோ தாராசிங் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி வீசுவார் என்பதற்காகவே ஜனம் கூடியது. இரண்டு பேரும் ஊர் ஊராக எத்தனையோ முறை மோதியிருக்கிறார்கள். தூக்கப்படுகிறவன் ஒத்துழைக்காமல் அப்படித் தூக்க முடியாது என்பது மூட்டை தூக்கியவனுக்குத் தெரியும். இரண்டு ஆள் பாரத்தை இரண்டு பேருமாகச் சுமந்தார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். எதிரிகளாக நடித்த அந்த இருவரும் உண்மையில் ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்த கூட்டாளிகள். பொய் என்ற சொல்லுக்குள் இந்த ஒத்துழைப்பு அடங்காது.

நிஜமான குஸ்தி என்ன கொடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். காஷாபா ஜாதவ் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர்ப் பதக்கம் அது. அவரை அனுப்ப அவருடைய கல்லூரி முதல்வர் கர்டிகர் தன் வீட்டையே 7,000 ரூபாய்க்கு அடகு வைத்தார். திரும்பி வந்த ஜாதவ் 1955இல் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து காலம் தள்ளினார். 1984இல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது செத்துப் பதினாறு வருஷம் கழித்து, 2000இல் வந்தது. ஒளிவுமறைவற்ற வெற்றிக்கு இந்த நாடு தந்த கூலி இவ்வளவுதான். தாராசிங் டிக்கெட் குஸ்திக்குப் போனதைக் குறையாகச் சொல்கிறவர்களிடம் நான் ஜாதவின் கதையைத்தான் திருப்பிக் கேட்பேன்.

தாராசிங் 1954இல் இந்தியப் பட்டம் வாங்கினார். 1959இல் கல்கத்தாவில் காமன்வெல்த் பட்டம். அன்று தோற்ற ஜார்ஜ் கார்டியென்கோவைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. பேச வேண்டிய ஆள். கனடாவின் வின்னிபெக்கில் பிறந்தவர். இளமையில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார் என்பதற்காக அமெரிக்கா அவரை உள்ளே விடவில்லை. தொழில்முறைக் குஸ்தியின் பெரும்பணம் புரண்டது அமெரிக்காவில். அந்தக் கதவு மூடியதால் இங்கிலாந்து, ஐரோப்பா, இந்தியா என்று அலைந்து சம்பாதித்தார். பின்னாளில் ஓவியராகி 2002இல் இறந்தார். கொள்கைக்காகச் சோற்றை இழந்த ஒரு தோழர் கல்கத்தா மேடையில் முதுகு பட விழுந்த சேதி, செங்கொடி பறந்த எங்கள் கேம்ப்புக்கு எட்டியிருக்குமா? எட்டியிருந்தால் தாராசிங்குக்குக் கைதட்டியவர்கள் அவருக்கும் கொஞ்சம் தட்டியிருப்பார்கள் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

1968 மே 29. பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று தாராசிங் உலகப் பட்டம் வாங்கிய நாள். தெஸ் அமெரிக்கக் குஸ்தியின் பெரும் பெயர், பலமுறை உலகச் சாம்பியன். அன்று அவருக்கு வயது 52, தாராசிங்குக்கு 39. தாராசிங் மெய்யாகவே வித்தை தெரிந்த, நல்ல உடற்கட்டுள்ள மல்லர், அவரிடம் தோற்பதில் எனக்குச் சங்கடமே இல்லை என்ற பொருள்படத் தெஸ் பிற்பாடு எழுதினார். அந்த வாக்குமூலம் எனக்கு மிக முக்கியம். தோற்பது அவர் சம்மதத்தோடு நடந்தது என்பதை அது மறைக்கவில்லை. அந்தச் சம்மதத்தைக் காசு மட்டும் வாங்கிவிடவில்லை என்பதும் அதில் தெரிகிறது. தொழில் தெரிந்த மூத்தவர் தொழில் தெரிந்த இளையவரிடம் பட்டத்தை ஒப்படைக்கிறார். கூடியிருந்த ஜனம் அதைச் சண்டையாகப் பார்த்தது. எனக்கு அது ஒரு வாத்தியார் தன் இடத்தை விட்டு எழுந்ததாகப் படுகிறது.

அந்த 1968 பம்பாய்த் தமிழர்களுக்கு நல்ல காலமல்ல. சிவசேனை தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தென்னிந்தியர்களை வேலையிலிருந்தும் ஊரிலிருந்தும் விரட்டச் சொல்லும் கோஷம் தெருவெங்கும் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகக்கூட யோசித்தார்கள். அப்படிப்பட்ட நகரத்தில், பஞ்சாபிலிருந்து வந்த ஒருவர் மராத்திக்காரன், தமிழன், பையா, முஸ்லிம் எல்லோரும் ஒரே குரலில் பெயர் சொல்லிக் கத்தும் ஆளாக இருந்தார். வெளியூர்க்காரனின் உடம்பை நகரம் தன்னுடையதாக ஏற்றுக்கொண்ட அபூர்வமான இடம் அந்த மேடை. பெரியவரின் தலைமுறைக்கு அவரைப் பிடித்துப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். ஊரிலோ 'நீ என்ன பெரிய தாராசிங்கா' என்று கேட்காத தமிழ்த் தெரு இல்லை. முகம் பார்த்திராதவர்களும் சொன்னார்கள்.

சினிமாவை நான் அதிகம் பேசப் போவதில்லை. 1962இல் கிங்காங், 1963இல் ஃபவுலாத், பிறகு சாம்சன், ஹெர்குலிஸ், சிக்கந்தர்-ஏ-ஆசம் என்று வரிசையாக வந்தன. மும்தாஜ் அவரோடு பதினாறு படங்களில் நடித்து அங்கிருந்து பெரிய நட்சத்திரமானார். விமர்சகர்கள் இரண்டாந்தரம் என்று ஒதுக்கிய படங்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 1971இல் வந்த ஆனந்த் படத்தில் அவர் ஒரு சிறு காட்சியில் அகாடாப் பயில்வானாகவே வருவார். படம் முழுக்கச் செத்துக்கொண்டிருக்கும் ஒருவனின் கதை. அதற்கு நடுவே நோய் அண்டாத உடம்பாக இவர் வந்து நிற்பதை ஹிருஷிகேஷ் முகர்ஜி தெரிந்துதான் வைத்தார் என்று நினைக்கிறேன்.

1983இல் டெல்லியில் கடைசியாக மோதிவிட்டுக் குஸ்தியை விட்டார். 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமாயணம் தொடங்கியது. அனுமன் வேடம் கட்டியபோது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒட்டும் ஒப்பனையைப் போட மூன்று நான்கு மணி நேரமாகும், போட்ட பிறகு படப்பிடிப்பு முடியும்வரை எதையும் சாப்பிட முடியாது என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். ராமாயணத்தைப் பெரியார் வழியில் கேள்வி கேட்டுப் பழகிய வீடுகள் கேம்ப்பில் நிறைய. அந்த வீடுகளின் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி இருந்த வீட்டு வாசலில் போய்த்தான் நின்றார்கள். அப்பாக்கள் முறைத்தாலும், அனுமனாக வருவது தாராசிங் என்றதும் கொஞ்சம் தணிந்தார்கள். 1988இல் தொடர் முடியப் போகிறது என்றதும் ஜலந்தரில் வால்மீகி சமூகத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியின் கதை வரும் உத்தர காண்டத்தையும் எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. வேலைநிறுத்தம் வேறு வட இந்திய நகரங்களுக்கும் பரவ, அரசு இறங்கி வந்தது. துடைப்பம் பிடித்த கைகள் ஒரு காவியத்தை நீட்ட வைத்த அந்தச் சம்பவத்தை, துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவனால் எளிதில் மறக்க முடியாது. அவர்கள் கேட்டது பக்திக்காக மட்டுமல்ல, கதையில் தங்கள் இடத்துக்காக.

அந்தத் தொடர் கிளப்பிய அலை பிறகு எங்கே போய் முட்டியது என்பதும் எங்களுக்குத் தெரியும். 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் நடந்த பம்பாய்க் கலவரத்தில் எங்கள் கேம்ப் இருக்கும் தாராவி எரிந்தது. தாராசிங் 1998இல் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார். 2003இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு 2009வரை உறுப்பினராக இருந்தார். அந்த அவைக்கு நியமனமான முதல் விளையாட்டு வீரர் அவர். கலவரத்தை அவர் தலையில் கட்டுவது அநியாயம். ஆனாலும் எனக்கு வருத்தம் உண்டு. எல்லாச் சாதியும் மதமும் கைதட்டிய உடம்பு அது. அதை ஒரு தரப்பு தன் அடையாளமாக எடுத்துக்கொண்டபோது அவர் மறுக்கவில்லை. நூற்றுக்கணக்கான மேடைகளில் எதிராளியோடு சேர்ந்து பாரம் சுமந்தவர், அரசியல் மேடையில் மட்டும் ஒரு பக்கம் போய் நின்றார்.

இந்தத் தொழில் மனிதர்களை எப்படி முடிக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு அவருடைய சாவு ஒரு ஆச்சரியம். கிங்காங் 1970இல் கார் விபத்தில் அடிபட்டு சிங்கப்பூரில் இறந்தார். இன்றைய அமெரிக்கக் குஸ்தியில் நாற்பதைத் தாண்டாமல் போனவர்களின் பட்டியல் நீளம். எடி கெரேரோ 2005இல் ஒரு ஹோட்டல் அறையில் இதயம் நின்று இறந்தபோது வயது 38. வலி மாத்திரையும் உடம்பை ஊத வைக்கும் மருந்தும் ஓய்வில்லாத பயணமும் சேர்ந்து தின்ற உடம்புகள். தாராசிங்கின் உடம்பைக் காப்பாற்றியது என்ன? தண்டாலும் பஸ்கியும் என்று பயில்வான்கள் சொல்வார்கள். அது பாதிதான் சரி. சினிமாச் சம்பளம் வந்தது, ஜூஹுவில் வீடு இருந்தது, விழாமலும் சாப்பிட முடிந்தது. மீதிப் பாதி அது.

2012 ஜூலை 7ஆம் தேதி மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரகங்கள் நின்றன. ரத்த ஓட்டம் தடைபட்டதில் மூளை சேதப்பட்டிருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் 11ஆம் தேதி வீட்டுக்கே கொண்டுபோனார்கள். மறுநாள் வியாழக்கிழமை காலையில் இறந்தார். வயது 83.

மூட்டை தூக்கிய பெரியவர் அப்போது உயிரோடு இருந்தார். கண் மங்கிவிட்டிருந்ததால் பத்திரிகையில் வந்ததை நான்தான் வாசித்துக் காட்டினேன். அனுமன், ராஜ்யசபா, சினிமா எதையும் அவர் கேட்கவில்லை.

"கோதாவை விட்டது எந்த வருசம்னு போட்டிருக்கு?"

"எண்பத்து மூணு, தாத்தா."

விரல் விட்டு எண்ணினார். "இருபத்தொம்பது வருசம்லா! வேலையை விட்டப்புறம் இருபத்தொம்பது வருசம் இருந்திருக்கான். எங்க கேங்குல ரிட்டையர் ஆகி அஞ்சு வருசம் தாண்டினவன் ரெண்டே பேரு. ஒருத்தன் நான்."